புத்தகம் விற்றுப் பிழைத்த ஊர்

விடுமுறைக்கு வெளியூர் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? தாமதமாக எழுந்திருப்பார்கள். நாலு இடம் பார்ப்பார்கள். நன்றாகச் சாப்பிட்டு, நூறு போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு வருகிறவர்களில் சிலர் மட்டும் வேறு மாதிரி. கையில் இருக்கும் பணத்தை வாடகையாகக் கட்டிவிட்டு, காலையில் எழுந்து குளித்து, மாடிப்படி இறங்கி வந்து கடையைத் திறக்கிறார்கள். தூசி தட்டுகிறார்கள். அலமாரியை அடுக்குகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. விற்ற பணமும் அவர்களுக்கு இல்லை.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இந்த 'விடுமுறை'க்கு இடம் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்!

கடையின் பெயர் 'தி ஓப்பன் புக்'. ஊரின் பெயர் விக்டவுன். எழுத்தில்தான் விக்டவுன், உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'விக்டன்'. 2015ல் இந்தக் கடை ஏர்பிஎன்பி தளத்தில் வாடகைக்கு வந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஆச்சரியத்தோடு எழுதின. கீழே பழைய புத்தகக் கடை, மேலே தங்குவதற்கு ஒரு ஃபிளாட். வாரத்துக்கு 150 பவுண்டு வாடகை, வாரத்துக்கு 40 மணி நேரம் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. 'ஒரு புத்தகக் கடை வைத்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்' என்று வாழ்க்கையில் ஒரு தடவையாவது கனவு கண்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆயிரம் பேர் அளவுக்கு மட்டுமே வசிக்கும் ஊர் இது. ரயில் கிடையாது. பெரிய தொழிற்சாலை கிடையாது. எடின்பரோவிலிருந்து காரில் வந்தால் சுமார் மூன்று மணி நேரம். பஸ்ஸில் வருகிறவர்கள் நியூட்டன் ஸ்டூவர்ட் என்ற பக்கத்து ஊரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் பதினோரு கிலோமீட்டர் வர வேண்டும். வழியெல்லாம் பச்சை மேய்ச்சல் நிலம். அதில் கறுப்பு மாடுகள், நடுவயிற்றைச் சுற்றி வெள்ளைப் பட்டை. யாரோ இடுப்பில் வேட்டியைச் சுற்றிவிட்ட மாதிரி இருக்கும். 'பெல்டட் காலோவே' என்பது இந்த இனத்தின் பெயர். உள்ளூரில் செல்லமாக 'பெல்டி'. காலோவே என்பது இந்த வட்டாரத்தின் பெயர்தான். மாடுகள் ஊர்ப்பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டன.

இப்படி ஒதுங்கிக் கிடக்கும் ஊருக்கு யார் வருவார்கள் என்றுதான் முப்பது வருடங்களுக்கு முன்பு உள்ளூர்க்காரர்களே நினைத்தார்கள்.

சந்தைக்காகப் பிறந்த தெரு

விக்டவுனில் வந்து இறங்கியதும் கண்ணில் படுவது அந்த ஊரின் பிரதான வீதி. ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு அகலமான வீதி எதற்கு என்று தோன்றும். இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகளும் கடைகளும். நடுவில் பூங்கா, மரங்கள், பந்து உருட்டி விளையாடும் புல்தரை. வீதி ஒரு முனையில் விரிந்து, மறுமுனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது.

காரணம் எளிது. அது வீதியே இல்லை, சந்தை. ஸ்காட்லாந்தின் பழைய சந்தை ஊர்கள் பலவற்றில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். முதலில் சந்தைத் திடல், பிறகு அதைச் சுற்றி வீடுகள். விக்டவுனில் அந்தத் திடலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இரவில் ஊர்க்காரர்கள் தங்கள் மாடுகளை அங்கேயே அடைத்து வைத்தார்கள். இன்று ரோஜாச் செடி இருக்கும் இடத்தில் அன்று சாணமும் வைக்கோலும்.

13ம் நூற்றாண்டிலேயே விக்டவுன் 'அரச நகரம்' என்ற தகுதி பெற்றிருந்தது. இது வெறும் பட்டம் இல்லை. அந்தக் காலத்தில் நினைத்த இடத்தில் சந்தை கூட்டிவிட முடியாது. வெளிநாட்டு வியாபாரம் செய்யும் உரிமை அரச நகரங்களுக்கு மட்டும்தான். சந்தை நாள் எது, யார் விற்கலாம், எந்த எடைக்கல் செல்லும், சுங்கம் எவ்வளவு எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அந்த விதிகளின் அடையாளமாகத் திடலின் நடுவே ஒரு கல்தூண் நிற்கும். 'மெர்கட் கிராஸ்' என்பார்கள். 'மெர்கட்' என்பது ஸ்காட் பேச்சில் மார்க்கெட். பேரம் படிவது அங்கே, அரசரின் அறிவிப்பைப் படிப்பது அங்கே, குற்றவாளியை நிறுத்தி அவமானப்படுத்துவதும் அங்கேதான்.

மற்ற ஊர்களில் இது ஒன்று இருக்கும். விக்டவுனில் இரண்டு இருக்கிறது! 18ம் நூற்றாண்டில் வைத்தது ஒன்று. நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த மகிழ்ச்சியில் 1816ல் வைத்த பெரிய தூண் இன்னொன்று. புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. இரண்டும் இன்று ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன.

ஒவ்வொன்றாகப் போனது

துறைமுகம்தான் முதலில். விக்டவுன் கடலோர ஊர். பிளாட்னாக் என்ற சிறு நதி கடலில் கலக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து நின்றன. நதி தடம் மாறியது, வண்டல் சேர்ந்தது. கப்பல்களும் பெரிதாகிக்கொண்டே போயின. துறைமுகம் படிப்படியாக வெறும் காட்சிப் பொருளானது.

பிறகு ரயில். பயணிகள் ரயில் 1950ல் நின்றது. சரக்கு ரயில் 1964ல் நின்றது. 1975ல் உள்ளாட்சி அமைப்புகளை மாற்றியபோது, இந்த ஊரின் பெயரைத் தாங்கியிருந்த விக்டவுன்ஷயர் கவுன்டி கவுன்சிலும் போனது. ஊருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவை இரண்டே இரண்டுதான். இரண்டும் பக்கத்துக் கிராமமான பிளாட்னாக்கில் இருந்தன. ஒன்று பாலிலிருந்து வெண்ணெயும் சீஸும் செய்யும் ஆலை. இன்னொன்று 1817ல் ஆரம்பித்த விஸ்கி வடிசாலை. ஆலை மூடப்பட்டது. 1993ல் வடிசாலையும் கதவைச் சாத்தியது.

அவ்வளவுதான். இளைஞர்கள் கிளம்பினார்கள். சந்தைத் திடலைச் சுற்றியிருந்த கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கூரை ஓடு நழுவினால் மாட்ட ஆள் இல்லை. 1862ல் சிவப்புக் கல்லில் கட்டப்பட்ட ஊர்மன்றக் கட்டடம், அந்த ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் கடிகாரக் கோபுரம் தெரியுமே, அதுவே பழுதாகி 'இடித்துவிடலாமா' என்ற பேச்சுக்கு வந்துவிட்டது. ஒரு ஊர் சாவது சத்தமில்லாமல்தான் நடக்கிறது. கடைசிக் கடைக்காரர் பூட்டுப் போட்டுவிட்டுப் போகும்போது ஒப்பாரி வைக்க யாரும் இருப்பதில்லை.

இந்த நேரத்தில் ஒரு போட்டி வந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் வேல்ஸில் இருக்கும் ஹே-ஆன்-வை என்ற ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரிச்சர்ட் பூத் என்பவர் 1960களின் தொடக்கத்தில் அங்கே பழைய தீயணைப்பு நிலையத்தில் ஒரு பழைய புத்தகக் கடை வைத்தார். கடை பெருகியது, மற்றவர்களும் கடை போட்டார்கள். ஊரே புத்தக ஊரானது. 1977 ஏப்ரல் 1ந்தேதி பூத், 'ஹே இனி தனி நாடு, நான்தான் ராஜா' என்று அறிவித்துக் கிரீடமும் சூட்டிக்கொண்டார். தேதியைக் கவனித்தால் விஷயம் புரியும். ஆனாலும் பத்திரிகைகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின, கூட்டம் வந்தது. வாசனைக்கே வியாபாரம் நடக்காத ஒரு பொருளை வைத்து ஒரு ஊரையே நிமிர்த்தலாம் என்று அவர் காட்டிவிட்டார்.

அதே மாதிரி ஸ்காட்லாந்துக்கும் ஒரு தேசியப் புத்தக ஊர் வேண்டும் என்று 1990களின் கடைசியில் தேடினார்கள். பல ஊர்கள் போட்டியிட்டன. ஒன்றிரண்டு ஊர்களுக்கு நல்ல ரயில் வசதி, பெரிய நகரங்களின் அருகாமை எல்லாம் இருந்தது. விக்டவுனிடம் இருந்தது காலிக் கடைகளும் அகலமான வீதியும்தான். ஆனால் புத்தகக் கடைக்காரருக்கு என்ன வேண்டும்? மலிவான பெரிய கட்டடம். இல்லாமையே இங்கே தகுதியாகிவிட்டது. 1998ல் விக்டவுன் அதிகாரபூர்வமாக ஸ்காட்லாந்தின் தேசியப் புத்தக ஊர் ஆனது.

கிண்டிலைச் சுட்டவர்

பிரதான வீதியில் 'தி புக்ஷாப்' என்ற கடை இருக்கிறது. பெயர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை போலும்! ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய பழைய புத்தகக் கடை இதுதான். சுமார் ஒரு லட்சம் புத்தகங்கள். அலமாரிகளை நீளமாக அடுக்கினால் ஒரு மைலுக்கு மேல் போகும். வெளியிலிருந்து பார்க்கும்போது சாதாரண வீடு. உள்ளே போனால் அறைக்குள் அறை, அதற்குள் இன்னொரு அறை. கணப்பு அடுப்பில் நெருப்பு எரியும் நாளில் உள்ளே போனவர்கள் எளிதில் வெளியே வருவதில்லை.

உரிமையாளர் ஷான் பைத்தல். பக்கத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் நண்பனோடு இந்தக் கடையைக் கடந்து போனபோது, 'ஒரு வருஷத்துக்குள் இதை இழுத்து மூடிவிடுவார்கள், பார்' என்றாராம். பன்னிரண்டு வருடம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவர் ஒரு புத்தகம் கேட்டு அதே கடைக்குள் நுழைந்தார். பேச்சு வளர்ந்தது. ஓய்வு பெற நினைத்த முதலாளி, 'நீயே வாங்கிக்கொள்ளேன்' என்றார். பணம் இல்லையே என்றதற்கு, வங்கிகள் பிறகு எதற்கு இருக்கின்றன என்று பதில் வந்தது. 2001ல் கடை பைத்தல் கைக்கு வந்தது.

கல்லாவில் உட்கார்ந்தபடி அன்றாடம் நடப்பதைக் குறித்துக்கொண்டே வந்தார். எத்தனை வாடிக்கையாளர் வந்தார்கள், கல்லாவில் எவ்வளவு விழுந்தது, யார் யார் எப்படியெல்லாம் கழுத்தறுத்தார்கள் என்று எல்லாம். இரண்டு மணி நேரம் அலமாரியைப் புரட்டிவிட்டு, 'இதே புத்தகம் ஆன்லைனில் இன்னும் சீப்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதில் முக்கியமான பாத்திரங்கள். 2017ல் அந்தக் குறிப்புகள் 'ஒரு புத்தக வியாபாரியின் டைரி' என்ற பொருளில் நூலாக வந்து பல மொழிகளுக்குப் போயின. அதைப் படித்துவிட்டு, அவரிடம் திட்டு வாங்கவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் நம்ப வேண்டும்.

கடைச் சுவரில் ஒரு காட்சிப் பொருள் உண்டு. வேட்டைக்காரர்கள் மான் தலையைப் பலகையில் மாட்டி வைப்பார்களே, அதே மாதிரி ஒரு பலகையில் ஒரு கிண்டில் கருவி. துப்பாக்கியால் சுடப்பட்டு, திரை சிதறி, பரிதாபமாகத் தொங்குகிறது. சுட்டவர் கடைக்காரரேதான். இதைச் செல்போனில் படித்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நெளியலாம். தப்பில்லை. அவருடைய கோபம் திரையில் படிப்பவர்கள் மேல் இல்லை. பழைய புத்தகக் கடைக்காரர்கள் விலை வைக்கும் உரிமையையே இணைய வியாபாரம் பறித்துவிட்டது என்பதுதான் ஆதங்கம். அதே இணையத்தில் அவரும் புத்தகம் விற்றாக வேண்டியிருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நிஜமான வியாபாரியின் எழுத்து அப்படித்தான் இருக்கும்.

மற்ற கடைகளுக்கும் ஒவ்வொரு குணம். ஒரு வீட்டின் பின்பக்கம், செடிகளுக்கு நடுவே நடந்து போனால் 'பைர் புக்ஸ்' வரும். 'பைர்' என்றால் மாட்டுக்கொட்டில்! பேருக்கு இல்லை, உண்மையிலேயே கொட்டிலாக இருந்த இடம். நாட்டார் கதைகளும் புராணங்களும் அங்கே. மாட்டின் பெயரைச் சுமக்கும் 'பெல்டி புக்ஸ்' கடையில் காபியும் கேக்கும் சேர்த்துக் கிடைக்கும். பழைய வங்கிக் கட்டடத்தில் ஒரு கடை 'ஓல்ட் பேங்க்' என்றே இருக்கிறது. ஒரு நாளில் எல்லாக் கடையையும் பார்த்துவிடலாம் என்று வருகிறவர்கள் மூன்றாவது கடையிலேயே மாலை ஆகிவிட்டதைக் கண்டு அறை தேட ஆரம்பிக்கிறார்கள்.

செப்டம்பர் இறுதியில் பத்து நாள் புத்தகத் திருவிழா. 1999ல் சின்னதாக ஆரம்பித்தது. இப்போது சந்தைத் திடலில் பெரிய கூடாரங்கள் முளைக்கின்றன, எழுத்தாளர்கள் வருகிறார்கள், ஊரில் அறை கிடைக்காமல் கூட்டம் பக்கத்து ஊர்களுக்குப் போகிறது. சாகக் கிடந்த அந்தச் சிவப்புக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2003ல் மறுபடியும் திறந்தது. நூலகம் உள்ளே இயங்குகிறது. சந்தை போன இடத்தில் சந்தை வந்துவிட்டது, சரக்குதான் வேறு.

ஓப்பன் புக் யோசனையும் இந்தத் திருவிழா வட்டாரத்திலிருந்து வந்ததுதான். ஜெசிகா ஃபாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண், நாசாவுக்காகப் பணியாற்றிய திரைப்படக் கலைஞர், கடலோரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இணையத்தில் தேடி, விக்டவுனைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தார். 'என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்' என்று யோசித்ததில் பிறந்ததுதான் அந்தக் கடை. திருவிழாவை நடத்தும் அமைப்பே அதையும் நடத்துகிறது.

கடல் வந்த வழி

புத்தகப் பையோடு கிளம்பிவிடுகிறவர்கள் ஒரு இடத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. ஊரின் கிழக்கு ஓரத்தில், தேவாலயத்தைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஒரு சதுப்பு நிலம். உப்பு மண்ணில் வளரும் புல். நடுநடுவே ஓடைக் கோடுகள். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் காட்டு வாத்துகள். மரப்பலகைப் பாதையில் நடந்து போனால், அந்தப் புல்வெளியின் நடுவே தனியாக ஒரு கல்தூண் நிற்கிறது. ஆள் உயரம் கூட இருக்காது. அலங்காரமும் இல்லை.

1685. மத விஷயத்தில் யார் தலைவர் என்ற சண்டை. திருச்சபைக்கும் அரசரே தலைவர் என்பதை ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய கூட்டம் ஏற்கவில்லை. ஆயர்களை மேலே இருந்து திணிப்பதை எதிர்த்து, வயல்வெளிகளிலும் மலைச் சரிவுகளிலும் ரகசியமாகக் கூடி வழிபட்டார்கள். அரசு விடவில்லை. 'இந்தக் கூட்டத்தோடு எனக்குச் சம்பந்தம் இல்லை' என்று சத்தியம் செய், இல்லாவிட்டால் சாவு என்றது. 'கொலைக்காலம்' என்றே அந்த வருடங்களை ஸ்காட்லாந்து வரலாறு குறிக்கிறது.

சத்தியம் செய்ய மறுத்தவர்களில் இரண்டு பெண்கள். இருவருக்கும் பெயர் மார்கரெட். மார்கரெட் மெக்லாக்லன், அறுபது வயதைத் தாண்டிய கைம்பெண். மார்கரெட் வில்சன், வயது 18, ஒரு விவசாயியின் மகள். அவளுடைய தங்கை ஆக்னஸும் பிடிபட்டிருந்தாள்; அவளுக்கு 13தான். அப்பா 100 பவுண்டுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சின்ன மகளை மீட்டார். பெரியவளுக்காக எடின்பரோவுக்குப் போய் மன்றாடினார். அங்கே அரசரின் ஆலோசனை சபை ஏப்ரல் 30ந்தேதி தண்டனையை நிறுத்தி வைக்கும் உத்தரவையும் கொடுத்தது.

ஆனாலும் மே 11ந்தேதி, கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில், இருவரையும் சேற்றில் நட்ட கம்பங்களில் கட்டினார்கள். சால்வே கழிமுகத்தில் ஓதம் ஏறும் வேகம் பேர்போனது. பாய்ந்து வரும் குதிரையை விட வேகம் என்பார்கள். முதியவளைக் கடலுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். அவள் மூழ்குவதைப் பார்த்தாவது சின்னவள் மனம் மாறுவாள் என்ற கணக்கு. மாறவில்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது அவளை மேலே தூக்கி, மறுபடியும் ஒரு முறை கேட்டதாகவும் அவள் மறுத்ததாகவும் சொல்கிறது ஊர்க் கதை.

உத்தரவு ஏன் பலிக்கவில்லை? 19ம் நூற்றாண்டில் ஒரு வழக்கறிஞர் இந்த உத்தரவையே ஆதாரமாகக் காட்டி, அப்படி ஒரு சம்பவம் நடக்கவே இல்லை என்று புத்தகம் எழுதினார். சுற்றுவட்டாரத் திருச்சபைகளின் 1711ம் வருடக் குறிப்பேடுகளைக் காட்டி, நடந்தது உண்மைதான் என்று ஒரு போதகர் பதில் புத்தகம் எழுதினார். நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருந்த காலத்துக் குறிப்புகள் அவை. சண்டை அதோடு ஓயவில்லை என்றாலும், ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. தேவாலயத் தோட்டத்தில் இரண்டு மார்கரெட்டுகளின் கல்லறைகளும் இருக்கின்றன. அதே வருடம் விசாரணையே இல்லாமல் தூக்கிலிடப்பட்ட மூன்று ஆண்களின் கல்லறையும் பக்கத்தில் இருக்கிறது.

ஓவியர் மில்லே 1862ல் ஒரு ஆங்கில வார இதழுக்காக மார்கரெட் வில்சனை வரைந்தார். பிறகு 1871ல் வண்ணத்தில் ஒரு பெரிய ஓவியம். சங்கிலியில் கட்டுண்டு, பக்கவாட்டில் பார்க்கும் இளம்பெண். லிவர்பூல் வாக்கர் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதிலும் ஒரு கதை உண்டு. மில்லே அதற்கு முன் வேறொரு படத்தில் மரத்தில் கட்டப்பட்ட ஆடையற்ற பெண்ணை வரைந்தார். பார்வையாளர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பெண்ணின் தலையையும் உடலையும் வெட்டி எடுத்து, வேறு துணியில் பொருத்தி, சட்டை வரைந்து மார்கரெட் வில்சன் ஆக்கிவிட்டார். எக்ஸ்ரே படம் எடுத்தபோது சட்டைக்குக் கீழே பழைய ஓவியம் தெரிந்தது. கம்பத்தில் கட்டப்பட்ட பெண்ணுக்கு ஓவியர் கையிலும் நிம்மதி இல்லை.

இன்று அந்தத் தூண் நிற்கும் இடத்தில் கடல் இல்லை. நதி தடம் மாறி, கரை தள்ளிப் போய், புல் வளர்ந்துவிட்டது. துறைமுகத்தைக் கொன்ற அதே வண்டல்தான். பெரிய ஓதம் வரும் நாட்களில் மட்டும் உப்புத் தண்ணீர் ஓடைகளில் ஏறிவந்து தூணின் பக்கம் எட்டிப் பார்க்கும். பலகைப் பாதை இருந்தாலும் முழங்கால் ரப்பர் பூட்ஸோடு போவதே நல்லது.

போகிறவர்கள் கவனத்துக்கு

பிளாட்னாக் வடிசாலை மறுபடியும் ஓடுகிறது. 1994ல் வட அயர்லாந்துக்காரர் ஒருவர் அதை விடுமுறை வீடுகளாக மாற்றும் எண்ணத்தில் வாங்கினார். இனி இங்கே விஸ்கி வடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் விற்றிருந்தார்கள். ஊர்க்காரர்களின் ஏக்கத்தைப் பார்த்து மனம் மாறி, விற்ற கம்பெனியிடம் பேசிப் பேசி, வருடத்துக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு அனுமதி வாங்கி 2000ல் அடுப்பை மூட்டினார். நடுவில் மறுபடி நொடித்து, 2015ல் ஆஸ்திரேலியர் ஒருவர் கைக்குப் போனது. குடிக்காதவர்களும் நதிக்கரைக்காகப் போகலாம்.

ஊருக்கு மேற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் டார்ஹவுஸ் கல்வட்டம். பத்தொன்பது உருண்டைக் கற்கள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் மூன்று. மூவாயிரம் வருடங்களுக்கு மேல் பழையவை. நுழைவுச்சீட்டு கிடையாது, காவலாளி கிடையாது. மாடுகள் மட்டும் திரும்பிப் பார்க்கும்.

வடக்கே காலோவே வனப்பூங்கா. 2009ல் பிரிட்டனின் முதல் 'இருள் வான் பூங்கா'வாக அங்கீகாரம் பெற்றது. செயற்கை வெளிச்சம் குறைவு என்பதால் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும், மேகம் விட்டால். அங்கே மேகம் லேசில் விடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மே, ஜூன் மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் சில கடைகள் சில நாட்கள் மட்டுமே திறக்கும் என்பதால், அவ்வளவு தூரம் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது உத்தமம்.

ஓப்பன் புக்கில் ஒரு வாரம் முடியும்போது வாடிக்கையாக நடப்பது இது. வந்தவர் கல்லாவை எண்ணுகிறார். சில நாள் கணக்கு நன்றாக இருக்கும். சில நாள் இரண்டே புத்தகம், அதில் ஒன்று அவரே வாங்கியது. பணத்தை அமைப்பிடம் ஒப்படைக்கிறார். கடை வாசலில் வைத்திருக்கும் கரும்பலகையில் அந்த வாரம் தான் சாக்பீஸால் எழுதியதைத் துடைக்கிறார். புதிய ஆள் பெட்டியை இழுத்துக்கொண்டு சந்தைத் திடலைக் கடந்து வருகிறார். சாவி கை மாறுகிறது. 'கதவு கொஞ்சம் இறுக்கும், தோளால் தள்ளுங்கள்' என்ற மாதிரி ஏதாவது ஒரு யோசனையும் சேர்ந்தே கை மாறுகிறது.